கைனசினைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி

திருச்சுழிக் கரிசலில் பருத்தி எடுத்துக்கொண்டிருப்பவரின் இடுப்புப் பக்கமிருந்து கால்விரல் வரை ஒரே நரம்பு செல்லின் இழை ஓடுகிறது. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர்! அதற்குள் சரக்கைச் சுமந்து நடக்கும் மோட்டார் புரதம்தான் கைனசின். 1985-இல் கணவாயின் நரம்பிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இது வைக்கும் ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர்.

இதில் கனமான சங்கிலி இரண்டு, இலேசான சங்கிலி இரண்டு. கனமானது நடக்கும், இலேசானது சரக்கைப் பிடிக்க உதவும். ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே இவற்றில் ஒரு சங்கிலியை மட்டும் கண்டுபிடிக்க ஆன்டிபாடி வேண்டும். சங்கிலியின் ஒரு துண்டை முயலுக்கு ஊசியில் செலுத்துகிறார்கள். முயலின் உடல், அந்தத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது. அதை ரத்தத்திலிருந்து பிரித்து மாதிரியில் விடுகிறார்கள். பிறகு, ஒளிரும் சாயம் சேர்த்த இன்னொரு ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டி இடத்தைக் காட்டிவிடும்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழு இப்படி ஆன்டிபாடியைக் கொண்டு எலிக் கல்லீரலை ஆராய்ந்தது. சாப்பிட்ட நிலையில் கொழுப்புத் துளிகள்மேல் நிறைய கைனசின். பட்டினி கிடந்தால் அது குறைகிறது, கல்லீரல் கொழுப்பை வெளியே விடுவதும் குறைகிறது. அருமையான கண்டுபிடிப்பு இது. 2018-இல் மல்லிக்குக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

ஆனால் எல்லா ஆன்டிபாடியையும் நம்பிவிட முடியாது. சில, வேறு புரதத்திலும் ஒட்டும். அதனால் கைனசின் மரபணுவை நீக்கிய செல்லில் சோதிப்பார்கள். அங்கேயும் ஒளிர்ந்தால், அந்த ஆன்டிபாடியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.