சுருங்குவது தசையா, இழையா?

தசை எப்படி வேலை செய்யுதுன்னு பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "ரப்பர் மாதிரி சுருங்கும் சார்" என்பார்கள். அறிவியலை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் விளக்க வரும்போது, 'தசைச் சுருக்கம்' என்ற சொல்லே அவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. சுருங்குவது தசைதான், உள்ளே இருக்கும் நுண்ணிழைகள் சுருங்குவதில்லை.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடிய நம் சி. குணாளனின் கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாலான் புசார் விளையாட்டரங்கில் பந்தை உதைக்கும் பிள்ளையின் காலிலும் நடப்பது இதேதான். ஒவ்வொரு தசைநாரிலும் 'சார்க்கோமியர்' என்னும் சிறு அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஓர் அறையின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். நடுவில் தடித்த மயோசின் இழைகள். இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி நீளும் மெல்லிய ஆக்டின் இழைகள்.

நரம்பின் கட்டளை வந்ததும் தசைநாருக்குள் கால்சியம் வெளியாகிறது. ஆக்டின்மேல் மூடியிருந்த பிடிமான இடங்கள் திறக்கின்றன. மயோசினின் 'தலைகள்' அங்கே பிடித்து, நடுப்பக்கமாக இழுத்து, விட்டு, அடுத்த இடத்தைப் பிடிக்கின்றன. கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்போமே, அதுபோல. ஓர் இழுப்பு சுமார் 10 நானோமீட்டர்தான். ஆனால் எண்ணற்ற தலைகள் சேர்ந்து இழுப்பதால் கால் பறக்கிறது!

இழைகளின் நீளம் மாறவில்லை. ஒன்றினூடே ஒன்று சறுக்கியதால் அறைதான் குறுகியது. இந்தச் சறுக்கும் இழைக் கோட்பாட்டை 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே இருவரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் இருவரும் தனித்தனியே வெளியிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தேவை. தேக்கா சந்தையில் புது மீன் சில சமயம் விறைப்பாக இருக்குமே, ஏன்? ஏடிபி தீர்ந்துபோய், தலைகள் பிடித்த பிடியிலேயே நின்றுவிட்டன.

வகுப்பில் செய்ய: இரு கைவிரல்களின் நுனிகளை மட்டும் கோத்து, மெல்ல உள்ளே தள்ளச் சொல்லுங்கள். "விரல் குட்டையாச்சா? இல்லையே! அப்போ எது குறைஞ்சது?" என்று கேளுங்கள். பிறகு பிடி, இழு, விடு என்ற மூன்று வினைச்சொற்களை வைத்து, நடந்ததை அவர்களே தமிழில் எழுதட்டும். ரப்பர் தானாகவே மறைந்துவிடும்.