முச்சக்கர வண்டியும் நோகாத நுகமும்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்பும் ஒரு குடும்பம் மட்டும் பங்கு மனை வாயிலில் காத்து நின்றது. தந்தை இளமை முதல் மீன்பாடி வண்டி மிதித்துப் பிழைத்தவர். இன்று மூட்டு வலியால் கோயிற்படி ஏறவும் வருந்துபவர். "சாமி, பழைய வண்டியிலேயே மோட்டாரும் பாட்டரியும் பூட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லுகிறார். செலவு குறைவு. புது மின்வண்டி என்றால் கடன் வாங்க வேண்டும். அம்மாவின் வளையலும் அடகுக்குப் போய்விடும். எதைச் செய்வது?" என்று மகன் கேட்டான்.

இது குருவானவரிடம் கேட்கும் கேள்வியா எனச் சிலர் நகைக்கலாம். ஒரு குடும்பத்தின் சோறும் ஒரு மனிதனின் முழங்காலும் அடங்கிய கேள்வி ஆன்ம காரியத்துக்குப் புறம்பானதன்று. எனவே விவரம் அறிந்தோரிடம் கேட்டும், நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றை, இதே நிலையிலுள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படுமென்று இங்கு வரைகிறேன்.

மின்சார முச்சக்கர வண்டி நேற்று முளைத்ததன்று. 1881-ஆம் ஆண்டிலேயே குஸ்தாவ் த்ரூவே என்பவர் பாரிஸ் மாநகர வீதியில் அதனை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் காருக்கும் அது மூத்தது! நம் தமிழகத்தில் மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா 1973-ல் ஒழிக்கப்பட்டு, சைக்கிள் ரிக்‌ஷா வழங்கப்பட்டது. இழுத்தவன் மிதிக்கலானான். மிதிப்பவனின் பாரத்தையும் இறக்க வந்ததே மின்வண்டி.

ஆயினும் டில்லி மாநகரின் அனுபவம் நமக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பதிவும் உரிமமும் இன்றி இவ்வண்டிகள் பல்லாயிரமாய்ப் பெருகின. விபத்துகளை முன்னிட்டு 2014 ஜூலையில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னரே விதிகள் பிறந்தன. 2015-ல் மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டது. அவ்விதிகளின்படி மின் ரிக்‌ஷாவின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. ஓட்டுநர் நீங்கலாகப் பயணிகள் நால்வர், மூட்டை 40 கிலோ. சரக்கு வண்டியாயின் 310 கிலோ. ஓட்டுநருக்கு உரிமமும், வண்டிக்குப் பதிவும் வேண்டும்.

இனி வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். இருசக்கர வண்டி வளைவில் சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும். முச்சக்கர வண்டி சாயாது, கவிழவே செய்யும். பாரம் உயரத்தில் இருந்தாலோ, வளைவிலே திடீரென பிரேக் போட்டாலோ ஆபத்து மிகுதி. எனவே கனமான பாட்டரியைத் தளத்தின் அடியில், தாழ வைத்தல் சிறந்தது. மேலும், திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. இதற்கென டிஃபரன்ஷியல் எனும் பல்சக்கர அமைப்பை, மிதிக்கும் முச்சக்கர வண்டிக்காகவே 1877-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் செய்து தந்தார்.

முக்கியமானது பிரேக். மிதிவண்டியின் சட்டம், மனிதக் கால் தரும் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. மணிக்கு 8 கிலோமீட்டர் சென்ற வண்டி 24 கிலோமீட்டர் சென்றால் வேகம் மும்மடங்குதான். ஆனால் அதே பாரத்தை நிறுத்த பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ ஒன்பது மடங்கு! பழைய சட்டத்தில் மோட்டார் பூட்டுவோர் இக்கணக்கை மறந்து விடுகின்றனர்.

அடுத்து பாட்டரி. 12 வோல்ட் ஈயப் பாட்டரிகள் நான்கு சேர்ந்து 48 வோல்ட். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி கொண்டதாயின், அதில் அடங்குவது ஏறக்குறைய 4.8 யூனிட் மின்சாரம். மின் செலவு சொற்பமே. ஆனால் நாள்தோறும் முழுவதும் வடிய விட்டால் பாட்டரியின் ஆயுள் விரைவில் தேயும். ஓரிரு ஆண்டுகளில் புதிது வாங்க நேரிடும். லித்தியம் பாட்டரி எடை குறைந்தது, நெடுநாள் உழைப்பது, விலையோ அதிகம். எதுவாயினும், அன்றாட வருவாயில் ஒரு பகுதியைப் பாட்டரிக்கென ஒதுக்காத குடும்பம் மீண்டும் கடனில் விழும். ஈயப் பாட்டரியை மின்னேற்றுகையில் எரியக்கூடிய வாயு வெளிப்படுமாதலால், பிள்ளைகள் உறங்கும் அறையில் அதைச் செய்யலாகாது. பழைய பாட்டரியை வீட்டில் உடைக்கவும் கூடாது. ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு. விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் கூறி, "பழைய வண்டியில் மோட்டார் பூட்டாதீர்கள்" என்று அக்குடும்பத்துக்குச் சொன்னேன். ஏழைக்குச் செய்யும் கருவி எளியதாக இருக்கலாம், மட்டமானதாக இருக்கலாகாது. உழைப்பவனின் மாண்பு உழைப்பால் விளையும் பொருளினும் மேலானது என்பதன்றோ, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலின் போதனை!

நம் ஆண்டவர் தச்சுப் பட்டறையில் கலப்பைகளும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டின் மறைசாட்சி புனித ஜஸ்டின் எழுதி வைத்துள்ளார். மாட்டின் கழுத்து நோகாதபடி நுகத்தை இழைப்பது நல்ல தச்சனின் கடமை. வண்டி செய்வோருக்கும், விற்போருக்கும், கடன் கொடுப்போருக்கும் அதே கடமை உண்டு.

அக்குடும்பம் கடன் வாங்கவே தீர்மானித்தது. இப்பொழுது மகன் ஓட்டுகிறான். தந்தையின் முழங்கால் ஓய்ந்திருக்கிறது. தாயின் வளையல்கள் இன்னும் அடகில்தான் உள்ளன. அவை மீளும் நாளுக்காக உங்கள் குடும்ப செபத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.