மழைமானி மௌனமானால்

பெங்களூர் நகரின் கிழக்குப் பாகத்தில் உள்ளது தொம்மலூர். அங்குப் பெய்யும் மழைநீர் வடிகால்கள் வழியே சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கி, பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. முற்காலத்தில் இந்நீரைத் தேக்கி நின்ற ஏரிகளுள் சில இன்று இல்லை. அவ்விடங்களில் கட்டடங்களும் மைதானங்களும் எழுந்துவிட்டன. ஆகவே, சிறிது நேரம் பலத்த மழை பெய்தாலும் தாழ்ந்த இடங்களில் வெள்ளம் புகுந்துவிடுகிறது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகள் பல நீரில் மூழ்கியதை வாசகர்கள் அறிவார்கள்.

இத்தகைய நகரில் எந்த இடத்தில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதை உடனுக்குடன் அறிதல் அவசியம். கர்நாடகத்தில் இப்பணியை ஆற்றி வருவது மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம். 1988-இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவாகத் தொடங்கப்பெற்ற இந்த ஸ்தாபனம், 2007-இல் இப்போதுள்ள பெயரைப் பெற்றது. கிராம பஞ்சாயத்து தோறும் இது நிறுவியுள்ள தானியங்கி மழைமானிகள் 6,000-க்கும் மேற்பட்டவை. சூரிய ஒளியிலிருந்து மின்சக்தி பெற்று, 15 நிமிஷத்துக்கு ஒருமுறை கைப்பேசி வலையமைப்பின் மூலம் இவை மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன.

சுழியும் மௌனமும்

தொம்மலூர் போன்றதோர் இடத்தில் இத்தகைய மழைமானி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மாலை 6 மணிக்கு அதனிடமிருந்து "மழை 0 மில்லிமீட்டர்" என்ற செய்தி வருகிறது. மழை இல்லை என்பது தெளிவு. 6-15 மணிக்குச் செய்தியே வரவில்லை. இப்போது மழை பெய்கிறதா, இல்லையா? நமக்குத் தெரியாது. இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் கருதுவதே மிகப் பெரிய பிழையாகும்.

பள்ளி ஆசிரியர் இவ்வேறுபாட்டை நன்கு அறிவார். தேர்வு எழுதி ஒன்றும் பெறாத மாணவனுக்குச் சுழி இடுகிறார். தேர்வுக்கே வராதவன் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று குறிக்கிறார். கணிப்பொறியும் அவ்வாறே செய்ய வேண்டும். வெற்றிடத்தைச் சுழியால் நிரப்பினால், வெள்ளம் பெருகும் வேளையில் வரைபடம் வறண்ட நிலத்தைக் காட்டும். கடுமழையின்போதுதான் மின்னலும் மின்தடையும் கருவிகளையும் செய்தித் தொடர்பையும் தாக்குகின்றன. எனவே, மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே மழைமானி மௌனமாகக் கூடும்.

குடியானவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டில், இழப்பீட்டை நிர்ணயிப்பது மழைமானியின் பதிவேயாகும். அப்பதிவு தவறினால், உரியவருக்குப் பணம் கிட்டாமற் போகலாம்.

எச்சரிக்கை எழும் முறை

கருவி உயிருடன் இருக்கிறதா என்று அறிய இரு வழிகள் உண்டு. முதலாவது, மையமே கேட்பது. 1983 டிசம்பரில் அமெரிக்க விஞ்ஞானி மைக் மூஸ் கணிப்பொறி வலையமைப்புக்காக எழுதிய "பிங்" என்னும் நிரல் இவ்வகையைச் சேர்ந்தது. நீர்மூழ்கிகளைத் தேட அனுப்பும் ஒலியின் பெயரையே அவர் அதற்கு இட்டார். ஒரு சிறு செய்தி செல்லும். எதிரொலி போலப் பதில் திரும்பினால் கருவி இயங்குகிறது என்று பொருள். இரண்டாவது, கருவியே குறித்த வேளையில் "இருக்கிறேன்" என்று அறிவிப்பது. நாடித் துடிப்பைப் போன்ற இச்செய்தி நின்றால், மையத்திலுள்ள கடிகாரம் அதனை உணர்ந்து எச்சரிக்கை எழுப்பும்.

ஒரு செய்தி தவறியவுடன் மணி அடிப்பது உசிதமன்று. வலையமைப்பின் நெரிசலாலும் செய்தி தவறலாம். தொடர்ந்து இரண்டு மூன்று தவறிய பின்னரே எச்சரிப்பது வழக்கம். ஆனால் நெடுநேரம் பொறுத்திருந்தாலும் ஆபத்து. மூன்று செய்திகள் வரை காத்திருந்தால் 45 நிமிஷம் கழிந்துவிடும். அதற்குள் வடிகால் நிரம்பிவிடலாம். ஆகவே, மழைக்காலத்தில் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது நலம்.

ஒரே சமயத்தில் இருபது கருவிகள் மௌனமானால் இருபதும் பழுதுபட்டன என்று எண்ணலாகாது. அவற்றுக்குப் பொதுவான கோபுரம் ஒன்று செயலிழந்திருக்கக் கூடும். அப்போது இருபது எச்சரிக்கைகளுக்குப் பதிலாக ஒன்றே போதும். காரணமின்றி ஓயாது அடிக்கும் மணியை நாளடைவில் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். மேலும், கண்காணிக்கும் கணிப்பொறியும் ஒரு கருவியே. அது நின்றுவிட்டால் எச்சரிக்கை எதுவும் வராது. எல்லாம் நலமே என்று தோன்றும். ஆதலால், அதனைக் கண்காணிக்க வேறோரிடத்தில் மற்றொரு கணிப்பொறி இருத்தல் வேண்டும்.

பதில் வந்தாலும் போதாது

கருவி தவறாமல் பதில் அளித்தும் பொய் சொல்லக் கூடும். மழைமானிகள் பலவற்றில், புனலின் கீழே இரு அறைகள் கொண்ட சிறு தொட்டி ஒன்று இருக்கும். ஓர் அறை நிறைந்ததும் தொட்டி சாயும். அந்தச் சாய்வை மின்சாதனம் எண்ணும். காய்ந்த இலையோ குளவிக் கூடோ புனலை அடைத்துவிட்டால் தொட்டி சாயாது. கருவியோ 15 நிமிஷத்துக்கு ஒருமுறை "0" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். அண்டையிலுள்ள மழைமானிகளோடு ஒப்பிட்டாலன்றி இப்பிழை வெளிப்படாது.

இதனைக் களப்பணியாளர் எளிதில் சோதிக்கலாம். புனல் வாயின் விட்டம் 20 சென்டிமீட்டரானால் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். அதில் 314 மில்லிலிட்டர் நீரை மெதுவாக ஊற்றினால், கருவி 10 மில்லிமீட்டர் மழை என்று காட்ட வேண்டும். சோதனைக்கு முன் மையத்துக்குத் தகவல் தருதல் முக்கியம். இல்லையேல் பெய்யாத மழை பதிவேட்டில் ஏறிவிடும். ஆசிரியர்கள் இதே கணக்கை வகுப்பில் புனலும் அளவுக்குவளையும் கொண்டு செய்து காட்டலாம்.

பதிவேட்டில் வெற்றிடம் கண்டால் அதனை ஊகத்தால் நிரப்பாமல், "செய்தி இல்லை" என்று நேரத்துடன் எழுதுவதே முறை. அவ்வொரு வரியைக் கண்டுதான் யாரேனும் அங்குச் சென்று கருவியைப் பார்ப்பார்கள்.