செம்புத் தீவு சைப்ரஸ்

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கிக்குத் தெற்கே கிடக்கிறது சைப்ரஸ் தீவு. பரப்பு 3,572 சதுர மைல்தான். ஆனால் அதற்குள் எத்தனை காட்சிகள்! நடுவே ட்ரூடோஸ் மலை 6,400 அடி உயர்ந்து நிற்கிறது. குளிர்காலத்தில் அங்கே பனி மூடிவிடும். மலையை விட்டு ஒரு மணி நேரம் காரில் இறங்கினால் கடற்கரை வந்துவிடும். லார்னகா நகரையொட்டிய உப்பேரியில், மாரிக்காலத்தில் செந்நிறப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. கோடையில் அதே ஏரி வற்றி, வெள்ளை உப்பாகக் காய்ந்து கிடக்கும்.

பெயர் தந்த தீவு

ஆதிகாலத்தில் இத்தீவின் செல்வம் செம்பு. ரோமானியர் செம்பைச் "சைப்ரஸ் உலோகம்" என்றே அழைத்தனர். அது லத்தீனில் "குப்ரம்" ஆகி, ஆங்கிலத்தில் "காப்பர்" என்று வழங்கலாயிற்று. செம்புக்கு ஊர் பேர் தந்த தீவு இது.

சரித்திரமோ செம்புக்கும் முந்தியது. கிரோகிட்டியா என்னும் இடத்தில், குன்றுச் சரிவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்திய கிராமம் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கல்லாலும் மண்ணாலும் கட்டிய வட்ட வட்டமான வீடுகள். அங்கு வாழ்ந்த ஜனங்கள், இறந்தவர்களைத் தங்கள் வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். மாண்டவர் வீட்டை விட்டுப் போகவில்லை!

இன்னொரு புராதனக் கிராமத்தில், மனிதன் ஒருவனுக்கு அருகே ஒரு பூனையையும் புதைத்திருந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கண்டு, 2004-ல் உலகுக்கு அறிவித்தார்கள். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி அது. அத்தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. எனவே, படகில் ஏற்றிக் கொண்டுவந்து வளர்த்திருக்க வேண்டும்.

மேற்குக் கரையிலுள்ள பாபோஸில் 1962-ல் விவசாயி ஒருவர் நிலத்தை உழுதபோது, ரோமானியர் காலத்து மாளிகை ஒன்று வெளிப்பட்டது. வண்ணக் கற்களைப் பதித்துத் தேவர்களையும் வேட்டைக் காட்சிகளையும் தீட்டிய அதன் தரைகள், இன்றும் கண்ணைப் பறிக்கின்றன.

பச்சைக் கோடு

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து 1960-ல் சைப்ரஸ் விடுதலை பெற்றது. கிரேக்க மொழி பேசுவோர் பெரும்பான்மையோர். துருக்கி மொழி பேசுவோர் சிறுபான்மையோர். மூன்றே ஆண்டுகளில் இரு சாராருக்கும் கலகம் மூண்டது. 1963 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஒருவர், தலைநகர் நிக்கோசியாவின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டு இரு தரப்பையும் பிரித்தார். 1974-ல் கிரேக்க ராணுவ ஆட்சியாளரின் தூண்டுதலால் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தாம் நாளே துருக்கிப் படை வந்து இறங்கியது. தீவு இரண்டாயிற்று. லட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினர்.

அமைதி காக்கச் சென்ற ஐ. நா. படைக்கு இந்தியத் தளபதிகள் மூவர் தலைமை வகித்தனர். அவர்களுள் ஜெனரல் திம்மையா, 1965 டிசம்பரில் பணியிலிருக்கும்போதே அங்கு உயிர் நீத்தார். சைப்ரஸ் அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

2003-ல் எல்லை வாயில்கள் திறந்தன. 29 ஆண்டுகளுக்குப் பின் ஜனங்கள் தங்கள் பழைய வீடுகளைப் பார்க்க ஓடினார்கள். கதவைத் தட்டினால், திறந்தவர் வேறு குடும்பத்தார்! இன்று நிக்கோசியாவின் லெட்ரா வீதியில் பிரயாணி பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, சில நிமிஷங்களில் மறுபக்கம் நடந்துவிடலாம். ஆனால் பிரிவினை தீரவில்லை.

எலும்புக்குக் காத்திருப்போர்

அக்கலகங்களிலும் போரிலும் காணாமற் போனவர்கள் என்று இரு தரப்பிலும் சேர்த்து 2,002 பேர் பட்டியலில் உள்ளனர். கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. நிக்கோசியாவின் பழைய விமான நிலையத்தையொட்டி, ஐ. நா. காவலில் உள்ள பகுதியில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே கிரேக்க விஞ்ஞானியும் துருக்கிய விஞ்ஞானியும் ஒன்றாக உட்கார்ந்து, கிணறுகளிலும் வயல்களிலும் தோண்டி எடுத்த எலும்புகளை அடையாளம் கண்டு வருகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இதுவரை உறவினரிடம் சேர்ந்திருக்கின்றன.

மீதமுள்ளோரின் தாய்மாரும் மனைவிமாரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவரை வீட்டிலேயே வைத்துக்கொண்ட மண் அது. இன்று அங்கே ஒரு குழி மண் போடவும், உறவினர் அரை நூற்றாண்டாகக் காத்திருக்கிறார்கள். மலையையும் கடலையும் காணச் செல்லும் பிரயாணி, அந்த ஆய்வுக்கூடத்தையும் நினைவில் வைப்பது நல்லது. தீவின் இரு பாதிகளும் தினந்தோறும் ஒன்றுசேரும் இடம் அது.