ஆடாதோடை: ஆடு தொடாத இலை

வெள்ளைப் பூவின் கீழிதழைக் குனிந்து பாருங்கள். தேனீக்கு வழிகாட்டும் ஊதாக் கோடுகள் தெரியும். அழைப்பெல்லாம் பூவில்தான். இலை கடுங்கசப்பு; ஆடுகூடத் தொடாது என்பதே பெயருக்குச் சொல்லப்படும் பொருள். 1753இல் லின்னேயஸ் அந்தப் பெயரையே தாவரவியலில் பதித்தார். மேய்ச்சலுக்கு அஞ்சாததால் இது வேலிச்செடியும் ஆனது. அதே கசப்பு இலையை அவித்துப் பிழிந்து, சாற்றைத் தேனில் குழைத்து இருமலுக்குக் கொடுப்பது தமிழகத்திலும் கேரளத்திலும் நெடுநாள் வழக்கம்.

இது வெறும் நம்பிக்கை என்பாருக்கு விடை இலையிலேயே இருக்கிறது. இதிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை அடியொற்றி உருவானதுதான், இன்று இருமல் மருந்துகளில் சேரும் புரோம்ஹெக்சின். அப்படியானால் இலையும் மாத்திரையும் ஒன்றா? இல்லை. மாத்திரையில் அளவு திட்டமானது. இலையில் அது செடிக்குச் செடி மாறும். வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும்; ஆகவே கர்ப்பிணிகள் இதை உண்ணவே கூடாது. செடியை இனங்காண்பதிலும் கவனம் வேண்டும்: ஆடாதோடையின் மலையாளப் பெயரான ஆடலோடகம் இரண்டு செடிகளைக் குறிக்கும். கேரள வைத்தியர்கள் பெரிதும் விரும்புவது, சிறிய இலைகொண்ட சித்தாடலோடகத்தை.