ஊரையே ஆட வைத்தவர் உறக்கத்தைத் தொலைத்த கதை!

'பீட்டில்ஸ்' என்றதும் ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ என்று நாலு பேரைச் சொல்வோம். மேடையே ஏறாத ஐந்தாவது ஆள் ஒருத்தர் உண்டு. பிரையன் எப்ஸ்டீன்... அந்தக் குழுவின் மேனேஜர். உலகத்தையே ஆட்டம் போட வைத்த அந்த மனுஷருக்கு ராத்திரித் தூக்கம் மட்டும் வசப்படவே இல்லை. 32 வயதில் அவர் உயிரைப் பறித்தது தூக்க மாத்திரை!

கடையில் தொடங்கிய கதை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1934-ல் பிறந்தவர் பிரையன். அப்பாவுக்கு ஃபர்னிச்சர் வியாபாரம். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. கட்டாய ராணுவச் சேவையிலிருந்து பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். லண்டனில் நடிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதுவும் பாதியில் நின்றது. கடைசியில் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையில் உட்கார வைத்ததும்தான் ஆள் யார் என்று தெரிந்தது. வியாபாரத்தில் புலி!

1961 நவம்பர் 9. கடைக்குப் பக்கத்திலிருந்த 'கேவர்ன்' கிளப்புக்குப் போனார். காற்றோட்டமில்லாத நிலவறை. தோல் ஜாக்கெட் போட்ட நாலு இளைஞர்கள், மேடையிலேயே சிகரெட் பிடித்து, தின்றுகொண்டு, கேலி பேசியபடி வாசித்தார்கள். 'இவங்க பெரிய ஆளா வருவாங்க' என்று பிரையனுக்கு மட்டும் பட்டது. அடுத்த சில வாரங்களில் அவர்தான் மேனேஜர்!

தாய் மாதிரி

கோட்டு சூட்டு தைத்துக் கொடுத்தார். மேடையில் தின்னக் கூடாது, புகைக்கக் கூடாது, பாட்டு முடிந்ததும் நாலு பேரும் ஒன்றாகக் குனிந்து வணங்கணும் என்று சட்டம் போட்டார். டேப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இசைத்தட்டு கம்பெனியாக ஏறி இறங்கினார். டெக்கா உட்பட பல கம்பெனிகள் கையை விரித்தன. மனுஷர் அசரவில்லை. 1962-ல் ஜார்ஜ் மார்ட்டின் கதவைத் திறந்தார். ஜானுக்கு அவசரக் கல்யாணம் என்றபோது கூட நின்று நடத்தி, குடியிருக்கத் தன் ஃபிளாட்டையும் கொடுத்தவர் பிரையன்தான்.

1964 பிப்ரவரியில் அமெரிக்க டி.வி.யில் பீட்டில்ஸ் தோன்றியபோது பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர்! பொம்மை, விக், சட்டை என்று அவர்கள் பெயரைப் போட்டு விற்கும் உரிமையை மட்டும் அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டார். அந்தச் சறுக்கல் அவரைக் கடைசிவரை உறுத்தியது.

ராத்திரிகள்

இத்தனை பேரைக் கவனித்தவரை யார் கவனித்தார்கள்? அவர் தன்பால் ஈர்ப்பு உள்ளவர். அன்றைய இங்கிலாந்தில் அது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம். யாரிடமும் மனசு விட்டுப் பேச முடியாத பயம். பகலில் சுறுசுறுப்புக்கு ஒரு மாத்திரை, ராத்திரி தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, நடுவில் மது... இப்படியே வருஷங்கள் ஓடின.

1966 ஆகஸ்டோடு பீட்டில்ஸ் கச்சேரிப் பயணத்தையே நிறுத்திவிட்டது. 'இனி நான் எதுக்கு?' என்ற கலக்கம் வேறு. 1967-ல் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தார். ஜூலையில் அப்பா காலமானார். அந்த மாதக் கடைசியில்தான் சட்டமும் மாறியது. ஆனால், ஆகஸ்ட் 27-ல் லண்டன் வீட்டுப் படுக்கையறையில் பிரையன் இறந்து கிடந்தார்.

தற்கொலையா? 'இல்லை, தவறுதலாக நடந்த மரணம்' என்றது விசாரணை. ஒரே நேரத்தில் கை நிறைய விழுங்கியதால் வந்த வினை இல்லை. நாள்கணக்கில் எடுத்த 'கார்பிட்ரால்' மாத்திரையின் புரோமைடு, உடம்பில் சிறுகச் சிறுகச் சேர்ந்திருந்தது!

எப்படி நடக்கிறது?

புரோமைடு சட்டென்று வெளியேறாது. பாதி குறையவே சுமார் 12 நாள் பிடிக்கும். அதற்குள் தினமும் புதிது சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த மாத்திரையிலிருந்த இன்னொரு மருந்து 'பார்பிட்யூரேட்' வகை. பழகப் பழக, ஒன்றுக்கு வந்த தூக்கம் இரண்டுக்குத்தான் வரும். ஆனால், மூச்சை நிறுத்தும் அளவு அதே வேகத்தில் ஏறாது. தூக்கத்துக்கும் ஆபத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். மது சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

அதனால்தான் இன்று தூக்கத்துக்கு அந்த வகை மாத்திரைகளை டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. இப்போதுள்ளவையும் விளையாட்டுப் பொருள் இல்லை.

* பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை, பழைய சீட்டு மாத்திரையை நீங்களாக எடுக்காதீங்க.
* தூக்க மாத்திரையும் மதுவும் ஒருநாளும் சேரக் கூடாது.
* சாப்பிடுகிற எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்க.
* நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்.
* வாரத்தில் மூன்று ராத்திரி, மூன்று மாசமாகத் தூக்கம் கெட்டால் அது கவனிக்க வேண்டிய நோய். மாத்திரை இல்லாத மனநலப் பயிற்சிதான் அதற்கு முதல் சிகிச்சை.

பிரையன் போன பிறகு கணக்கு வழக்கில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் பூசல். 1970-ல் பீட்டில்ஸ் உடைந்தது. தாங்கிப் பிடித்தவர் எவ்வளவு சுமந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. நம் வீட்டிலும் எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்கிற 'மேனேஜர்' ஒருத்தர் இருப்பார். "ராத்திரி நல்லா தூங்கினியா?" என்று இன்றைக்கே அவரைக் கேளுங்களேன்!