விடுவதும் பழகுவதும்: கிறிஸ்தவ மரபு காட்டும் வழி

கெட்ட பழக்கத்தை விடுவதும் நல்ல பழக்கத்தைப் பிடிப்பதும் கிறிஸ்தவ மரபில் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்லும் உவமை ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. ஒரு மனிதனை விட்டு வெளியேறிய தீய ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் காலியாக இருக்கிறது. உடனே தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளை அழைத்துக்கொண்டு உள்ளே குடியேறிவிடுகிறது. ஒன்றை விட்ட இடத்தில் இன்னொன்றை வைக்காவிட்டால் விட்டது திரும்பி வரும் என்பதே இதன் சாரம். மனித முயற்சி வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது, இறையருளும் துணை நிற்பவர்களும் வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கிறது.

தவக்காலம் என்னும் பயிற்சி

இந்தப் படிப்பினைக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சிக் காலம் உண்டு. கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் சீர்திருத்த சபையினர் லெந்து நாட்கள் என்றும் சொல்லும் அந்த 40 நாட்கள், நெற்றியில் சாம்பல் பூசும் புதன்கிழமையில் தொடங்குகின்றன. நடுவில் வரும் ஞாயிறுகள் இந்தக் கணக்கில் சேராது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை அந்தப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பிருக்க வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் அந்த நாட்களில் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும்.

சட்டம் கேட்பது குறைவுதான். மக்கள் இதற்கு மேலும் செய்கிறார்கள். மது, புகை, அசைவம், சினிமா, இப்போது கைபேசி என்று ஆளுக்கொன்றை விடுகிறார்கள். தவக்காலத்தின் மூன்று தூண்கள் ஜெபம், நோன்பு, தருமம். இவை பிரியாமல் நிற்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. நோன்பு ஒரு செலவையும் ஒரு நேரத்தையும் விடுவிக்கிறது. மிச்சமான பணம் தருமத்துக்குப் போகிறது. மிச்சமான நேரம் ஜெபத்துக்குப் போகிறது. சென்னையில் சாந்தோமிலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளின் 14 நிலைகளைக் கூட்டமாகக் கடக்கும் வழிபாடு. தனியாக எடுத்த உறுதியை அது ஊரோடு சேர்ந்து காக்க வைக்கிறது.

இஞ்ஞாசியாரின் கோடும் புள்ளியும்

ஒரே ஒரு பழக்கத்தைக் குறிவைத்து மாற்றும் முறையை எழுதி வைத்தவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். போர்வீரராக இருந்த அவர் 1521இல் பம்ப்லோனா முற்றுகையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுத்தபோது மனம் மாறினார். அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூல் 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அச்சானது. அதில் உள்ள தனி ஆன்ம சோதனை மிக எளியது. காலையில் எழுந்ததும் விட வேண்டிய ஒரு குறையை நினைத்து உறுதி எடுக்க வேண்டும். மதியமும் இரவும் உணவுக்குப் பின் மணி மணியாக நினைத்துப் பார்த்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு நேற்றோடு இன்றையும் போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். தவறிய கணத்திலேயே, அருகில் இருப்பவர் அறியாதபடி, நெஞ்சில் கை வைத்து வருந்தவும் அவர் சொல்கிறார்.

எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் துரத்தச் சொல்லாததே இம்முறையின் பலம். மனமாற்றத்துக்குப் பின் ஸ்பெயினின் மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து உடலைக் கெடுத்துக்கொண்ட இஞ்ஞாசியார், பின்னாளில் மிதத்தை வலியுறுத்தினார்.

மயிலாப்பூரில் ஒரு வணிகர்

இஞ்ஞாசியாரிடமே இந்தப் பயிற்சியைப் பெற்ற பிரான்சிஸ் சவேரியார் 1545இல் மயிலாப்பூருக்கு வந்து, திருத்தூதர் தோமையாரின் கல்லறைக்கு அருகே சுமார் நான்கு மாதம் தங்கினார். அங்கே அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களில் எய்ரோ என்ற போர்த்துக்கீசிய வணிகரும் ஒருவர். கப்பலையும் சரக்கையும் விற்றுவிட்டு அவர் சவேரியாருடன் புறப்பட முடிவு செய்தார். ஆனால் சில நாளில் மனம் தடுமாறி, ரகசியமாக வேறு கப்பல் வாங்கிக் கிளம்பத் தயாரானார் என்று சவேரியாரின் வரலாறுகள் சொல்கின்றன. சவேரியார் ஆளனுப்பி அவரை அழைத்தார். எய்ரோ மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மலாக்கா பயணத்தில் சேர்ந்துகொண்டார். உறுதி குலைவது பயணத்தின் முடிவல்ல. குலைந்ததை மறைக்காமல் சொல்ல ஒரு காது இருந்தால் திரும்பி வர வழி உண்டு. ஒப்புரவு அருட்சாதனம் என்னும் பாவசங்கீர்த்தனம் திறந்து வைப்பது அந்த வழியைத்தான்.

அடையாறு வரை வந்த வழி

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம், ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் மடியில் பிறந்தது. 1939இல் வெளியான அதன் நூல் பன்னிரண்டு படிகளைச் சொன்னது. தன் பலம் போதாது என்று ஒப்புக்கொள்வது, தன்னையே கணக்கெடுப்பது, அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, தன்னால் தீங்குற்றவர்களுக்கு ஈடு செய்வது, பிற குடிநோயாளிகளுக்கு உதவுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 1940இல் வில்சனைச் சந்தித்த எட்வர்டு டௌலிங் என்ற இயேசு சபைக் குரு, இவை இஞ்ஞாசியாரின் பயிற்சிகளை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். வில்சன் அதுவரை அந்தப் பயிற்சிகளை அறிந்திருக்கவில்லை.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957இல் வந்தது. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி ஏற்கலாம் என்பதால் எந்த மதத்தவரும் அதில் சேர முடிகிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், இந்தப் படிகளை அடிப்படையாகக் கொண்ட அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று, 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள அதன் மருத்துவமனையை டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அறியும். இது கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. மருத்துவம், ஆலோசனை, குடும்பத்தாருக்கான பயிற்சி ஆகியவற்றை இணைத்து நடத்தும் மையம். சாந்தி ரங்கநாதன் 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எல்லையும் துணையும்

நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவர் ஜெபத்தோடு மருத்துவரையும் நாட வேண்டும். மருத்துவமும் அருளின் வழியே என்று ஏற்பதில் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் தடையில்லை. நற்செய்தியாளர் லூக்காவையே மருத்துவர் என்றுதான் புதிய ஏற்பாடு குறிப்பிடுகிறது.

மற்றப் பழக்கங்களுக்கு மரபு தரும் ஒழுங்கு எல்லோருக்கும் எட்டக்கூடியது. ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுப்பது, நாள்தோறும் கணக்குப் பார்ப்பது, விட்ட இடத்தில் ஒரு நற்செயலை வைப்பது, நம்பிக்கையான ஒருவரிடம் உண்மையைச் சொல்வது, விழுந்தால் அன்றே எழுவது. இவற்றைத் தன் பலத்தால் மட்டும் செய்ய வேண்டியதில்லை என்ற உறுதியைத்தான் நம்பிக்கை கூடுதலாகத் தருகிறது.